உள்ளங்கையில் ஒரு கோடு

விமானம் இறங்கத் தொடங்கியதும் ரியர் அட்மிரல் இஞ்ஞாசி தல்மெய்தாவின் இடது கை அவரைக் கேட்காமலே நகர்ந்து போய், இரண்டு இருக்கைகளுக்கு நடுவிலிருந்த கைப்பிடியின் முனையைப் பற்றிக்கொண்டது. ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது என்று தலைக்குத் தெரியும். கைக்குத்தான் யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த அவர் மனைவி எமரென்சியா, கட்டிக்கொண்ட நாளிலிருந்து இந்தக் கையோடு குப்பை கொட்டுகிறவள், தன் கையைப் பதவிசாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஊரிலுள்ள மற்ற விமானிகளெல்லாம் சக்கரம் தரையைத் தொட்டதும் இன்ஜினைத் தணிப்பார்கள். விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கிப் பழகியவன் தொட்ட கணத்தில் இடது கையால் முழு வேகத்தையும் தள்ள வேண்டும். வாலில் தொங்கும் கொக்கி தளத்தில் கிடக்கும் கம்பியில் மாட்டினால் கம்பி பிடித்து நிறுத்திவிடும். மாட்டாவிட்டால் அந்த வேகத்திலேயே திரும்ப மேலே போய்விடலாம். அப்பாடா, வந்து சேர்ந்தோம் என்று கையைத் தளர்த்தியவன் தளத்தின் மறுகோடியில் கடலுக்குள் போவான். வந்து சேர்ந்தோம் என்பதைக் கண் நம்பலாம், புத்தி நம்பலாம், கை மட்டும் நம்பக் கூடாது. இளம் வயதில் ஏறிய பாடம், அட்மிரலாகி, மேசைக்குப் போய், முடி உதிர்ந்து, சர்க்கரை வந்து, பயணியாக உட்கார்ந்த பிறகும் இறங்கவில்லை. ஒருமுறை டெல்லி போகும் விமானத்தில் சக்கரம் தொட்டதும் கை பாய்ந்து எமரென்சியாவின் வளையல் உடைந்தது. அன்றிலிருந்து இறங்கும் நேரத்தில் நடுக் கைப்பிடி அவருக்குப் பட்டா போட்டுக் கொடுத்த சொத்து.

வலது கையில் மூக்குக்கண்ணாடிக் கூடு திறந்தபடி இருந்தது. சென்னையில் ஏறியதும் படிக்கலாம் என்று எடுத்தது. ஒரு வரி படிக்கவில்லை. கதவை அடைத்த கையோடு பணிப்பெண் ஒலிபெருக்கியில், தூத்துக்குடி செல்லும் இந்த விமானத்தின் கேப்டன் ஜெசிந்தா தல்மெய்தா என்று சொன்னாளே, அந்த இடத்திலேயே படிப்பு முடிந்துவிட்டது. ஜெசிந்தா அவருடைய ஒரே மகள். ஒன்பது வருஷமாக ஓட்டுகிறாள். ஒன்பது வருஷமாக அவள் ஓட்டுகிற விமானம் எது என்று விசாரித்து, அதை விட்டுவிட்டு வேறொன்றில் போய்க்கொண்டிருந்தார். ரயிலில்கூடப் போனார். அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி, “நீ பாத்த வேலையா எமி?” என்று கேட்டபோது, எமரென்சியா முன்சீட்டுப் பையிலிருந்த வாந்திப் பையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “எதுல எடம் இருந்துச்சோ அதுல போட்டேன்.” “பொய் சொல்லாத.” “பொய்தான். மாதா திருவிழாவுக்குத்தான போறோம், பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிடுதேன்.” பிறகு அவர் பக்கம் நன்றாகத் திரும்பி, சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள்: “அடுத்த வாரம் அவ கத்தாருக்குப் போறா. புது கம்பெனி. இனி எப்ப வருவாளோ. இவ்வளவு வருசத்துல நீங்க அவளுக்குக் குடுக்காத ஒண்ணு இருக்குல்லா, அதை வாங்காம அவ போயிரக் கூடாது. அம்புட்டுதான் நான் கேக்கது.” அவள் எதைக் கேட்கிறாள் என்று அவருக்குத் தெரியும், தெரிந்ததனால்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறக்கை தலைக்கு மேலே இருந்தது. கீழே, உடம்போடு ஒட்டிய பொட்டலம் மாதிரி, சக்கரத்தின் கதவு.

அவள் கேட்டது ஒரு வார்த்தைகூட இல்லை. ஒரு கோடு. கப்பலின் பின்கோடியில் இடது ஓரமாக ஒரு சின்ன மேடை இருக்கும். அதில் நிற்கும் அதிகாரியும் விமானிதான். வருகிற ஒவ்வொருவனையும் பார்த்து, வானொலியில் பேசிப் பேசித் தளத்தில் இறக்குவது அவர் வேலை. தாழ்கிறாய், வேகம் கொடு, இடப்பக்கம் வா. கையில் ஒரு பொத்தான் வைத்திருப்பார். சரியில்லை என்று பட்டால் கட்டைவிரல் அழுத்தும், தளத்தின் ஓரத்தில் சிவப்பு விளக்கெல்லாம் எரியும், வருகிறவன் சுற்றிக்கொண்டு திரும்ப வர வேண்டியதுதான். எதற்கு என்று கேட்க முடியாது. வருகிறவர் அட்மிரலாகவே இருக்கட்டும், மேடையில் நிற்பது நேற்று மீசை முளைத்த லெப்டினன்ட்டாகவே இருக்கட்டும், விளக்கு எரிந்தால் போ. எல்லாரும் இறங்கிய பிறகு கீழே அறையில் ஒவ்வொருவனுக்கும் மற்றவர்கள் முன்னாலேயே மதிப்புச் சொல்வார். மோசம். சுமார். பரவாயில்லை. சரி. சரி என்பதற்கு மேலே வாய்ச்சொல் கிடையாது. அதற்கும் மேலே ஒருவன் இறங்கிவிட்டால், அந்தச் சத்தத்தில் என்ன சொன்னாலும் காதில் விழாது என்பதால் வந்த வழக்கமோ என்னமோ, மேடையில் நின்றபடியே இடது கையைத் தூக்கி, உள்ளங்கையில் வலது ஆள்காட்டி விரலால் ஒரு கோடு இழுப்பார்கள். சரி என்பதற்கு அடியில் கோடு. விமானி தன் கூண்டிலிருந்து அதைப் பார்ப்பான். அவ்வளவுதான், ஆனால் அன்று இரவு சந்தோஷத்தில் அவனுக்குச் சோறு இறங்காது. இஞ்ஞாசி அந்த மேடையில் பல வருஷம் நின்றார். சுமார் என்ற சொல்லை வாரி வாரி வழங்குகிற கர்ணன் என்று பையன்கள் பின்னால் பேசிக்கொள்வார்கள். வீட்டிலும் அந்த வள்ளல்தனத்துக்குக் குறைவில்லை. கோவாவில் கடற்படைக் குடியிருப்பில் ஜெசிந்தா சைக்கிள் பழகினாள், செம்மண் பாதையில் வந்து, பிரேக் போட்டு, ஒரு காலை ஊன்றி, “டாடி, மார்க்கு?” “சுமார்.” தோசை வார்த்தாள், சுமார். கோயிலில் பாடினாள், பரவாயில்லை. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கி வந்தாள், சரி. அப்போது அவள் இடது உள்ளங்கையை விரித்து நீட்டினாள், “கோடு?” அவர் குனிந்து அந்தக் கையில் ஊதி, ஐந்து விரலையும் மடக்கி மூடி, “பத்திரமா வச்சுக்கோ, பிறகு பாப்போம்” என்றார். உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்தும் குழந்தை அந்தக் கையை மூடிக்கொண்டே சாப்பிட வந்தது. 

காது அடைத்துக்கொண்டது. எச்சில் விழுங்கினார். விமானம் கடல் மேல் வந்து திரும்புகிறது. கீழே கடல் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கிழிந்து கிடந்தது. ஆடிக் காற்று. அம்மியே பறக்கும் என்பார்கள். தூத்துக்குடியில் இந்த மாதம் மண்ணும் சேர்ந்து பறக்கும், மேற்கே மலையிடுக்கில் புகுந்து வருகிற காற்று, உப்பளத்து வேலையாட்கள் முகத்தில் துணி கட்டாமல் நிற்க முடியாது. இந்தக் காற்றில் இவளை யார் பறக்கச் சொன்னார்கள். அவரேதான் ஒருநாள் டெல்லியில், அலுவலகத்தில், மேசையின் அந்தப் பக்கம் அவளை நிற்க வைத்துக் கேட்டார், பதினெட்டு வயசு, ஒல்லி, “யாருடி ஒன்னை பறக்கச் சொன்னா?” வீட்டில் கேட்டிருக்கலாம். அலுவலகத்துக்கு வரச் சொன்னார், அப்பாவாகப் பேசப் பயந்து அட்மிரலாகப் பேசினார், தோளில் பட்டை இருந்தால் தொண்டை தடுமாறாது என்று ஒரு நினைப்பு. அவள், “நீங்க பறந்தீங்கல்லா?” என்றாள். “வேண்டாம்னா வேண்டாம்,” என்றார் இவர். ஒரு படைப்பிரிவுக்கே கட்டளையிட்ட குரல், மேசை மேலிருந்த தண்ணீர்க் குவளையைத் தாண்டிப் போகவில்லை. அவள் எமரென்சியாவின் நகையை விற்றுப் படித்தாள். உரிமம் வாங்கிய அன்று போனில், “வாங்கிட்டேன் டாடி” என்றாள், இவர், “அங்க மழையா?” என்று கேட்டார். அதிலிருந்து அப்பாவும் மகளும் பேசுவதெல்லாம் வானிலைதான். இருவருக்கும் நன்றாகத் தெரிந்த விஷயம், சண்டை வராது.

நஞ்சப்பா என்று ஒரு விமானி, அவனுக்கும் இவளைப் போலச் சிரித்த முகம். குடகுக்காரன், மேடையில் இவர் நின்ற காலத்தில் வந்தவன், மற்றவர்கள் தளத்தை நோக்கிச் சண்டை போட்டுக்கொண்டு வருவார்கள், அவன் வீட்டுக்குத் திரும்புகிறவன் மாதிரி வருவான். ஒரு சாயங்காலம் கப்பல் பின்பக்கம் தூக்கித் தூக்கி அடிக்கையில் அவன் வந்து இறங்கிய அழகைப் பார்த்து இவர் கை தானாக மேலே போயிற்று. இழுத்தார். வாழ்நாளில் இழுத்த முதல் கோடு. அன்று இரவு சாப்பாட்டு மேசையில் நஞ்சப்பா தன் இடது கையால் ஒன்றையும் தொடாமல், கழுவாமல், எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தான், கோடு அழிந்துவிடுமாம். மறுநாள் அதே நேரம், அதே கடல். கொஞ்சம் தாழ வந்தான். வேகம் கொடு. கொடுத்தான். இன்னும் தாழ்ந்தான். இவர் கட்டைவிரல் அழுத்தியது, சிவப்பு எரிந்தது, சுற்றிப் போ, சுற்றிப் போ, சுற்றிப் போ. அவன் போகத்தான் செய்தான். அரை நொடி தாமதமாக. என்னால் சமாளிக்க முடியும் என்று ஒருவன் நினைப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும், அவ்வளவு நேரம். அவன் சாவை விசாரித்தவர்கள் விமானியின் தாமதம் என்று எழுதி முடித்தார்கள், மேடையிலிருந்தவர் செய்ததெல்லாம் முறை என்றார்கள், ஒருவரும் இவரை ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் அந்த அரை நொடியை அவன் கையில் வைத்தது யார்? நேற்று இழுத்த கோடல்லவா? இவர் அப்பா கொழும்புக்குப் பாய்மரத் தோணி விட்ட தண்டல், தோணிக்குத் தலைவர். நல்ல காற்றடிக்கும்போது தோணியில் ஒருத்தன் வாயைத் திறந்து ‘நல்ல காத்து’ என்று சொல்லிவிட முடியாது, சொன்னால் அப்பா பாய்ந்து வாயில் அடிப்பார். சொன்னால் காற்று கேட்டுவிடும். படித்த மகன் அதையெல்லாம் சிரித்துக்கொண்டே தாண்டி வந்தவன்தான். கடைசியில் போய் விழுந்தது அதே குழியில். அதற்குப் பிறகு எவனுக்கும் அவர் கோடு இழுக்கவில்லை. ஸ்குவாட்ரன் அவர் கைக்கு வந்தது, பிறகு கப்பலே வந்தது, எத்தனை அருமையான பையன்கள், தங்கமான கைகள், எல்லாருக்கும் சரி, சரி, சரி. ஒருத்தனும் சாகவில்லை. அதை அவர் தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார், வெளியே சொன்னதில்லை. எமரென்சியாவிடம் மட்டும் ஒருதரம் சொல்லப்போக, அவள், “கண்ணு படும்னு புள்ளைக்கு மை வைப்பாவ. நீங்க புள்ளைய பட்டினில்லா போட்டிய,” என்றாள்.

தட் என்று ஒரு சத்தம், சக்கரக் கதவு திறந்து சக்கரம் வெளியே வந்து நின்றது. நல்ல சக்கரம். கீழே துறைமுகம், அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகளின் புகை குறுக்காகப் படுத்துக் கிடக்கிறது, அதைப் பார்த்தாலே போதும், காற்று எங்கிருந்து எவ்வளவு என்று தனியாக யாரும் சொல்ல வேண்டாம். மாதா கோயில் கோபுரம், கொடி, கூட்டம். உப்புக் குவியல்கள். தகரத்தில் கூழாங்கல் போட்டுக் குலுக்குவது போல விமானம் ஆடியது. யாரோ ஒரு குழந்தை அழுதது, அதை அடக்கிய அம்மாவின் குரல் குழந்தையைவிட நடுங்கியது. ஜெசி விமானத்தின் மூக்கைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுப் பக்கவாட்டில் வருகிறாள், நண்டு நடக்கிற மாதிரி. சரிதான், அப்படித்தான் வர வேண்டும். கடைசியில் மூக்கைத் திருப்ப வேண்டும், முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. விமானிக்குக் கண்ணைவிட உட்காருகிற இடம்தான் சத்தியம் பேசும். அவர் உட்கார்ந்த இடம் சொல்லிற்று, கொஞ்சம் தாழ்கிறாய். கொடு. கொடுத்தாள். நல்லது. என்ன நல்லது, வாயை மூடு, காற்று கேட்டுவிடும். மாதாவே. இந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது. பனைமரங்கள் தலைவிரித்து ஆடின, முள்காடு, ஒரு மாட்டுக் கூட்டம், மதில் சுவர். திடீரென்று அடியில் பிடித்திருந்த ஏதோ ஒன்று விலகிக்கொண்ட மாதிரி விமானம் இறங்கிற்று, இறக்கை ஒருபக்கம் சாய்ந்தது. இப்போது. சமாளிக்கலாம். ஓடுபாதை வந்தாயிற்று, இதோ கீழேயே இருக்கிறது, நல்ல விமானிக்கு இது ஒரு பொருட்டா, சமாளிக்கலாம் என்றுதான் தோன்றும், நஞ்சப்பாவுக்கும் தோன்றிற்று, வேண்டாம் அம்மா, சுற்றிப் போ, ஜெசி, சுற்றிப் போ. கட்டைவிரல் தன் முழு பலத்தோடும் அழுத்தியது. மூக்குக்கண்ணாடிக் கூடு டப்பென்று மூடிக்கொண்டது.

அந்த டப் சத்தம் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று யோசித்தபோதுதான் உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. கேட்காததற்குக் காரணம் இன்ஜின் அதற்கு முன்பே உறுமத் தொடங்கியிருந்ததுதான். முன்பே. விமானம் மேலே போய்க்கொண்டிருந்தது, ஓடுபாதை கீழே வெறுமனே கிடந்து பின்னால் போயிற்று, சக்கரம் உள்ளே மடங்கிக்கொண்டது. அவர் தன் கையிலிருந்த கூட்டைப் பார்த்தார். மேடையில் அத்தனை வருஷம் நின்றதில், விமானி தன்னை முந்திக்கொண்டு போனதாக ஒருதரம்கூட நினைவில்லை. எப்போதும் இவர் அழுத்திய பிறகுதான் அவன் போவான். நல்லவன் உடனே போவான், நஞ்சப்பா அரை நொடி கழித்துப் போனான். இவள் யாரும் சொல்லாமல், சொல்ல ஒரு ஆள் இல்லாமல், எரிய ஒரு விளக்கு இல்லாமல், இவர் விரலுக்கு அரை நொடி முன்னால் போயிருக்கிறாள். முன்பக்கம் ஒரு கதவுக்கு அந்தப் புறம். இந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொள்ள இடம் தெரியாமல் அவர் கூட்டைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

நடைபாதைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த உப்பு வியாபாரி ஒருவர், வெள்ளைச் சட்டையெல்லாம் வியர்த்து, முன்சீட்டைக் கட்டிப் பிடித்திருந்தவர், பக்கத்து ஆளிடம் சத்தமாகவே சொன்னார்: “தரைய தொடுத மாதிரி வந்துட்டு மேல தூக்கிட்டாவளே! பொம்பளப் புள்ளைலா ஓட்டுது. பயந்துருக்கும்.” எமரென்சியாவின் முகம் சிவந்தது, அவள் வாயைத் திறப்பதற்குள் அட்மிரல் முன்னால் சாய்ந்தார். எத்தனையோ வருஷம் டெல்லியில் மழுங்கிப் போயிருந்த ஊர்ப் பேச்சு எங்கிருந்துதான் வந்ததோ. “ஆமா வே, பயந்துட்டா. பயந்ததுனாலதான் நீரும் நானும் இப்ப பேசிக்கிட்டிருக்கோம்.” வியாபாரி திரும்பினார். “ஒங்களுக்கு இதெல்லாம் தெரியுமோ?” “கொஞ்சம் தெரியும்.” “ஏரோப்பிளேன் கம்பெனில இருந்தியளா?” “ஓட்டுதது எம் மவ,” என்றார் அட்மிரல். ஒன்பது வருஷத்தில் ஒரு மனிதனிடம்கூடச் சொல்லாததை ஒரு வியாபாரியிடம் சொல்லிவிட்டு, தானே திகைத்துப் போய்ச் சாய்ந்து உட்கார்ந்தார். வியாபாரி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். “தப்பா எடுத்துக்கிடாதிய. பதறிட்டேன்.” எமரென்சியா ஜன்னலைப் பார்க்கிற சாக்கில் கணவர் முகத்தைப் பார்த்தாள். அப்போது ஒலிபெருக்கியில் ஜெசிந்தாவின் குரல் வந்தது. ஓடுபாதையில் காற்று திடீரென்று மாறியதால் இறங்கவில்லை, மறுபடி ஒருமுறை முயல்வோம், சரிவராவிட்டால் மதுரைக்குப் போவோம், சிரமத்துக்கு மன்னிக்கவும். அவர் சொற்களைக் கேட்கவில்லை, சொற்களுக்கு நடுவே மூச்சைக் கேட்டார். சீராக இருந்தது. அவருக்கே அந்த வயதில் அவ்வளவு சீராக இருந்ததில்லை.

மறுபடியும் கடல், மறுபடியும் புகைபோக்கி, கோயில், உப்பு. சுற்றி வருவதைப் பற்றி அவர் பையன்களுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பார், திரும்ப வருவது அவமானமில்லையடா, கப்பல் எங்கேயும் ஓடிப் போகாது என்று. பையன்களுக்குச் சொன்னார். வீட்டில் மகள் கையை நீட்டிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் திரும்பத் திரும்பச் சுற்றி வந்தாளே, அவளுக்கு இறங்க ஒருதரம் இடம் கொடுத்தாரா? சிவப்பு விளக்கையே பார்த்து வளர்ந்த பிள்ளை. அதனால்தானோ என்னவோ இவ்வளவு நன்றாகச் சுற்றிப் போகக் கற்றுக்கொண்டாள் என்று ஒரு நினைப்பு வந்தது, அதைப் பெருமையென்று எடுப்பதா வெட்கமென்று எடுப்பதா தெரியவில்லை, இரண்டுமாகவே எடுத்துக்கொண்டார். பனை, முள்காடு, மதில். இந்தத் தடவை காற்று ஒரேயடியாக, ஒழுங்காக அடித்தது. மூக்கைத் திருப்பினாள், இடது இறக்கையைக் காற்றுக்குத் தாழ்த்தினாள். இடது சக்கரம் தரையைத் தொட்டது உடம்பில் தெரிந்தது, ஆனால் ஜன்னலுக்குக் கீழே அவர் பக்கத்துச் சக்கரம் இன்னும் அந்தரத்தில், தரைக்கு ஒரு முழம் மேலே, தொடாமல், அவசரமில்லாமல் தொங்கிக்கொண்டு வந்தது. தொங்கட்டும். அவர் மூச்சை நிறுத்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதுவும் மெத்தென்று தொட்டு, புகை கிளம்பி, சுழலத் தொடங்கியது. பின்னாலிருந்து சிலர் கைதட்டினார்கள். எமரென்சியா அவர் காதருகே வந்து, “ஏங்க, கையப் பாருங்க,” என்றாள். பார்த்தார். இடது கை கைப்பிடியின் மேல் சும்மா கிடந்தது. தள்ளவில்லை. முன்னால் ஓர் அங்குலம் நகரவில்லை. வந்து சேர்ந்தோம் என்று நம்பிவிட்டது.

வாசல் வாலருகே. இறங்கியதும் காற்று சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தது, மண் பல்லில் கடிபட்டது. மஞ்சள் மேல்சட்டை போட்டவர் ஒருவர் கயிறு கட்டிய பாதையைக் காட்டி, “நடங்க, நடங்க, நிக்கக் கூடாது,” என்று எல்லாரையும் கட்டிடத்தை நோக்கி விரட்டிக்கொண்டிருந்தார். அட்மிரல் பிறர் கட்டளைக்குப் பணிகிறவர்தான், நடந்தார். பாதி தூரத்தில் திரும்பிப் பார்த்தார். ஜெசிந்தா இறங்கி வந்திருந்தாள். அவளும் மஞ்சள் மேல்சட்டை போட்டிருந்தாள், முடி முகமெல்லாம் அடித்தது, திரும்பிப் போகிற பயணத்துக்கு முன்னால் விமானத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து அந்த வலது சக்கரத்தைத் தொட்டுவிட்டு நிமிர்ந்தபோது இவர்களைக் கண்டாள். அம்மாவைக் கண்டதும் சிரித்தாள். அப்பாவைக் கண்டதும் அந்தச் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் பாதியில் நின்றது. அவர் வருவது அவளுக்குத் தெரியாது, எமரென்சியா அங்கேயும் பொய்தான் சொல்லியிருக்கிறாள். நடுவில் கயிறு, காற்று, ஒரு எண்ணெய் வண்டி. கத்தினாலும் கேட்காது. அவள் கையசைக்கவில்லை, கையை நீட்டவில்லை. நீட்டுவதை அவள் என்றைக்கோ விட்டுவிட்டாள் என்பது அவருக்குச் சட்டென்று உறைத்தது, உறைத்ததும் கண் கரித்தது, மண்தான் என்று சொல்லிக்கொள்ளலாம், மண்ணில்லை. அவள் பின்னால் காற்றின் திசை காட்டும் துணிக்குழாய் கம்பத்திலிருந்து விறைத்து நின்றது. இதே காற்றில்தான் இவள் திரும்பிப் போக வேண்டும். இன்றைக்கு வேண்டாம். போனில் சொல்லலாம், கத்தார் போய்ச் சேர்ந்த பிறகு சொல்லலாம், காற்று ஓய்ந்த பிறகு சொல்லலாம். தண்டல் மகனே, வாயைத் திறக்காதே. “சார், நிக்கக் கூடாது சார்,” என்றார் மஞ்சள் சட்டைக்காரர். அட்மிரல் நின்றார். இடது கையைத் தலைக்கு மேலே தூக்கினார். உள்ளங்கையை அவள் பக்கம் திருப்பி, வலது ஆள்காட்டி விரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக, அழுத்தி, ஒரு கோடு இழுத்தார்.  கோடு நேராகத்தான் வந்தது.

அவள் அசையாமல் நின்றாள். பிறகு தன் இடது கையை விரித்து, அதை ஒரு கணம் பார்த்தாள், ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். மூடிய கையை மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மற்றக் கையால் இறக்கையின் அடியைத் தடவிப் பார்த்தபடி, விமானத்தின் அந்தப் பக்கம் போய் மறைந்தாள்.

வெளியே எமரென்சியாவின் தம்பி கார் கொண்டுவந்து நின்றார். மூட்டை முடிச்செல்லாம் ஏற்றியாயிற்று, அட்மிரல் மட்டும் ஏறவில்லை, வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடுபாதையைப் பார்த்து நின்றார். “மச்சான், பூசைக்கு நேரமாவுதுல்லா,” என்றார் தம்பி. “அவ கெளம்பட்டும்,” என்றார். எமரென்சியா சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். அவர் ஓடுபாதையை விட்டு அந்தத் துணிக்குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பயமா இருக்கா?” என்று கேட்டாள்.

“இருக்கு.”

“இருக்கட்டும்,” என்றாள் எமரென்சியா.